பிழையைத் திருத்தும் நினைவகம்

1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கணித அறிஞர் ரிச்சர்ட் ஹேமிங்கின் கணக்குகள் வார இறுதியில், ஆள் இல்லாத நேரத்தில், ரிலே கணினியில் ஓடின. பிழை தென்பட்டால் கணினி அந்தக் கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு வாரம் வேலை வீணாச்சு. பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரம் அதைத் திருத்தக்கூடாதா என்று யோசித்தார். 1950-இல் விடையை வெளியிட்டார்: 4 பிட் தகவலுக்கு 3 சோதனை பிட். ஒரு பிட் மாறினால், எந்த பிட் என்று தெரிந்துவிடும், திருத்திடலாம்.

பின்னாளில் பல பணிநிலையக் கணினிகளின் நினைவகத்தில் 64 பிட்டுக்கு 8 சோதனை பிட் சேர்த்தார்கள். இந்தக் கூடுதல் நினைவகத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் கூடத்தான் செய்யும். ஆனா, நெடுநேரம் ஓடிய கணக்கு கெட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் அத்தனை மின்சாரமும் வீண்தானே! மாணவர்களே, மின்சிக்கனம் பற்றி எழுதும்போது இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்க.