தையல் தெரியாத உடம்பு

காரைப் பற்றிப் பேச்செடுத்தால் 'பணக்காரன் பொம்மை, நமக்கென்ன வந்தது' என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். ஆனால் உழைப்பை மறைப்பதில் காரைப் போலத் தேர்ந்த பண்டங்கள் குறைவு. ஃபோக்ஸ்வாகன் கார்மன் கியா என்ற ஜெர்மன் கூப்பேயை இதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

1955இல் வெளிவந்த இந்த இரண்டு கதவுக் காரின் வடிவம் இத்தாலியில் தூரின் நகரத்துக் கியா நிறுவனத்துடையது. உடம்பைக் கட்டியது ஒஸ்னாப்ரூக் நகரத்துக் கார்மன். அடியில் இருந்ததோ பீட்டில் காரின் சட்டகமும் 1192 சிசி எஞ்சினும்தான். சக்தி 30 குதிரை. பார்வைக்குப் பந்தயக் கார், ஓட்டினால் பீட்டில். 1957இல் மடக்குக் கூரை வகை வந்தது. எஞ்சின் போகப்போக 1600 சிசி வரை வளர்ந்தது. 1974இல் நிறுத்தும்வரை 4,40,000க்கும் மேல் தயாராயின.

இதன் மூக்குப்பகுதி ஒரே தகடல்ல. பல துண்டுகளைப் பற்றவைத்து, இணைப்பில் ஈயக்கலவையை உருக்கிப் பூசி, அரம்போட்டு ராவி, கையாலேயே சமன்செய்தார்கள். வேலை முடிந்தபின் எங்கே ஒட்டினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. அதே 1955இல் பாரிசில் காட்டப்பட்ட சித்ரோயன் டிஎஸ் காரைப் பற்றி ரோலான் பார்த் எழுதிய கட்டுரை இங்கே உதவும். வழவழப்பு ஏன் பூரணத்தின் குறியாகிறது? இணைப்பு தெரிந்தால், மனிதர்கள் கூடிச் சேர்த்த பொருள் என்பதும் தெரிந்துபோகும். இது பார்த்தின் வாதம். அவர் விட்ட இடத்திலிருந்து நாம் கேட்கவேண்டியது: சேர்த்த கை யாருடையது?

1955 டிசம்பரில்தான் மேற்கு ஜெர்மனி இத்தாலியோடு ஆளெடுப்பு ஒப்பந்தம் போட்டது. 1962 முதல் ஃபோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்புர்க் ஆலைக்கு இத்தாலியத் தொழிலாளர்கள் வந்தார்கள். இத்தாலிய வடிவத்துக்குக் காரின்மேல் பெயர் கிடைத்தது, இத்தாலியத் தொழிலாளிக்குக் கிடைத்த பெயர் 'விருந்தாளித் தொழிலாளி'. அதற்கும் முந்தைய கதை இன்னும் கொடியது. நாஜிகள் பறித்த தொழிற்சங்கச் சொத்தும் அந்த ஆலையின் முதலில் கலந்திருக்கிறது. தவணை கட்டிய 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவருக்கும் கார் வரவில்லை. போர்க்காலத்தில் சுமார் 20,000 பேர் அங்கே கட்டாய வேலை செய்தார்கள். பீட்டிலின் சட்டகம் இந்த வரலாற்றின் மேல் நிற்கிறது.

இதற்கு நேரெதிர் உதாரணம் நம்மிடமே உண்டு. 1961 முதல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்த ஹெரால்டும் இத்தாலியரான மிக்கலோத்தியின் வடிவம்தான். ஆனால் அதன் உடம்பு தனித்தனிப் பாகமாக போல்ட் போட்டு முடுக்கியது. இணைப்புக்கோடு வெளியே தெரியும். 'பழசு, லொடலொட வண்டி' என்று சிரிக்கலாம். ஆனால் ஸ்பானரோடு வருகிறவனுக்கு அது தன்னைத் திறந்து காட்டும்.

இனி ஏற்காட்டு மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவு. ரேடியேட்டர் கொதித்துப் பழைய வண்டிகள் ஓரங்கட்டும் ஏற்றம். கார்மன் கியாவின் எஞ்சின் காற்றில் குளிர்வது, கொதிக்கத் தண்ணியே கிடையாது. எஞ்சின் எடை பின்சக்கரத்தின் மேல் விழுவதால் ஏற்றத்தில் பிடிப்பும் உண்டு. ஆனால் அந்த மலையின் வரலாறும் ராவி வழவழப்பாக்கிய உடம்புதான். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன், அவர் கொண்டுவந்த காப்பி, பங்களாக்கள் என்றே கதை சொல்லப்படுகிறது. சேர்வராயனைக் கும்பிடும் மலையாளிப் பழங்குடியினரின் காடு எஸ்டேட்டாக ஒட்டப்பட்ட இடம் தெரிவதில்லை. 1965இல் தொடங்கிய மேட்டூர் மால்கோ ஆலைக்காக சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டினார்கள். 2008இல் உருக்காலை நின்றது. வெட்டிய வடுவுக்கு ஈயம் பூச யாரும் வரவில்லை.

50 வயதுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பொருளாகப் பதியும் மத்திய அரசு விதி 2021இல் வந்தது. வண்டி மூல வடிவத்தில் இருக்கவேண்டும், உடம்பிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. மாறாமல் வைத்திருப்பது யார்? துருவை வெட்டி ஒட்டுப்போடும் டிங்கர், பட்டி தேய்க்கும் பையன், பெயிண்டர். கை பட்டது தெரிந்தால் வேலை மோசம் என்பதுதான் இந்தத் தொழிலின் அளவுகோல். தன்னை அழித்துக்கொள்வதே இங்கே திறமை ஆகிறது.

கண்காட்சியில் காருக்கு முன்னால் வைக்கும் அட்டையில் வருஷமும் சிசியும் உரிமையாளர் பெயரும் எழுதுகிறோம். டிங்கரின் பெயரையும் எழுதினால் கார் ஒன்றும் அழகு குறைந்துவிடாது. வரலாறு எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.