பாடாத சபை பாடிய வரலாறு



ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்டிஸ்டு சபையாரின் ஆலயம் ஒன்றைக் கடந்து செல்வோர் காதில் முதலில் விழுவது பாட்டொலியே. இராகம் எடுத்துக் கொடுப்பவர், பாடகர் குழுவைப் பயிற்றுவிப்பவர், இசைக்கருவி வாசிப்பவர் ஆகியோரின் பணியை அச்சபையார் வெறும் கலைத்திறனாகக் கருதுவதில்லை. ஓர் ஊழியமாகவே மதிக்கின்றனர். ஆனால் பதினேழாம் நூற்றாண்டில், இங்கிலாந்து நாட்டில், இதே சபையாருள் பெரும்பாலோர் வழிபாட்டில் வாய் திறந்து பாடுவதே இல்லை. பாடுவதா, பாடாதிருப்பதா என்று பெருவழக்கு ஒன்று அவர்களிடையே எழுந்தது. அவ்வழக்கின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பாப்டிஸ்டு சபையார் யார்? குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடாமல், தம் நம்பிக்கையைத் தாமே அறிக்கையிடுவோருக்கு மட்டும் நீரில் முழுக்களிப்பவர்கள். சமய நம்பிக்கையில் அரசு தலையிடலாகாது என்பது அவர்களுடைய உறுதியான கொள்கை. இக்கொள்கைக்காக அவர்கள் சிறையும் அபராதமும் கண்டவர்கள்.

அவர்கள் ஏன் பாடவில்லை? இசையை வெறுத்ததனால் அன்று. உள்ளத்திலிருந்து தானாக எழுவதே வழிபாடு. பிறர் எழுதி வைத்த சொற்களை ஒப்பிப்பது வழிபாடாகாது என்று அவர்கள் கருதினர். எழுதிய செபத்தை மறுத்தவர்கள் எழுதிய பாட்டை மட்டும் எவ்வாறு ஏற்பார்கள்? மேலும், சபை கூடிப் பாடினால் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே சொல்லைச் சொல்ல நேருமே என்று அஞ்சினர். 1689-இல் கூடிய பொதுப் பாப்டிஸ்டுகளின் பேரவை, சபையார் கூடிப் பாடுவது தம் வழிபாட்டுக்கு அயலானது என்றே முடிவு செய்தது. இவற்றை மூடத்தனம் என்று நகைத்துத் தள்ளலாகாது. உண்மையின்றி வாயால் மட்டும் சொல்லக்கூடாது என்ற அச்சம் மதிப்பிற்குரிய அச்சமே.

இந்த நிலையை மாற்றியவர் பெஞ்சமின் கீச் என்னும் போதகர். 1640-இல் பிறந்த இவர் வின்ஸ்லோ என்ற சிற்றூரில் பிரசங்கம் செய்துவந்தார். அங்கே குழந்தைகளுக்காக ஒரு சிறு பாடநூல் எழுதினார். அதில் தம் சபையின் கொள்கைகள் இருந்தமையால் 1664-இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. சிறைவாசமும் இருபது பவுன் அபராதமும் விதித்தனர். அதனோடு நில்லாமல், தலையையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி, சந்தைவெளியில் மக்கள் காண அவரை நிறுத்தினர். அவர் கண்முன்னே அவருடைய புத்தகத்தைத் தீயிட்டனர். சிறுவர்க்கு எழுதிய ஏட்டுக்காக இத்தண்டனை பெற்றவரை, ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த நான் வணங்காமல் இருக்க இயலுமா?

பின்னர் இலண்டனுக்குக் குடிபெயர்ந்த கீச், சௌத்வர்க் பகுதியில் ஹார்ஸ்லிடவுன் என்னும் இடத்திலிருந்த சபைக்குப் போதகரானார். சபையார் பாடவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆயினும் அவர் ஆணையிடவில்லை. இயேசுவும் சீடரும் இராப்போசனம் முடிந்தபின் பாடிவிட்டு வெளியே சென்றனர் என்று வேதத்தில் உள்ளதல்லவா? அதைச் சான்றாகக் காட்டி, 1670களில், திருவிருந்தின் முடிவில் மட்டும் ஒரு பாட்டுப் பாடச் சபையாரை இணங்கச் செய்தார். சில ஆண்டுகள் சென்றபின் நன்றியறிதல் நாட்களிலும் பாடினர். வாரந்தோறும் பாடும் வழக்கம் 1690களின் தொடக்கத்திலேதான் நிலைபெற்றது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள்! ஒரு பாட்டுக்காக இருபது ஆண்டுகள் பொறுத்திருந்தார் அவர்.

அதன் பின்னும் ஓர் ஏற்பாடு செய்தார். பிரசங்கமும் செபமும் முடிந்த பிறகே பாட்டு. பாட விரும்பாதவர் அதற்குமுன் எழுந்து போகலாம்; அவர்மேல் குற்றமில்லை.

இந்த இடத்தைப் படிக்கும்பொழுதெல்லாம் என் நெஞ்சு சிறிது குறுகும். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, காலை வழிபாட்டில் வாய்மூடி நின்ற மாணவன் ஒருவனைப் பிரம்பால் அடித்தேன். அழுதுகொண்டே பாடினான். அவன் தந்தை இறந்து பதினாறாம் நாள் கழியவில்லை என்பதை அன்று மாலையில்தான் அறிந்தேன். அன்று நான் அவன் வாயைத் திறந்தேன், பாட்டைத் திறக்கவில்லை.

கீச்சின் பொறுமையும் எல்லோரையும் இணங்கச் செய்யவில்லை. ஐசக் மார்லோ என்பவர் 1690-இல் பாட்டை மறுத்து நூல் வெளியிட்டார். கீச் 1691-இல் மறுப்பு நூல் எழுதினார். அதே ஆண்டில் ஏறத்தாழ முந்நூறு ஞானப்பாட்டுகள் அடங்கிய தொகுதி ஒன்றையும் வெளியிட்டார். அவர் சிறந்த கவிஞர் அல்லர். பாட்டுகள் பல கரடுமுரடானவை. ஏச்சும் பேச்சும் பெருகவே, 1692-இல் கூடிய பேரவை இரு தரப்பாரின் கடுஞ்சொற்களையும் கண்டித்தது. முடிவில் இருபதுக்கு மேற்பட்டோர் பிரிந்து, மேஸ் பாண்ட் என்ற இடத்தில் பாட்டில்லாச் சபை ஒன்றை அமைத்துக்கொண்டனர்.

காலம் தன் தீர்ப்பை மெல்ல எழுதியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், பாட்டு உண்டானால்தான் வருவேன் என்ற ஒரு போதகரை அந்த மேஸ் பாண்ட் சபையே ஏற்றுக்கொண்டது. கீச் போட்ட பாதையில் அவரினும் சிறந்த பாவலர் வந்தனர். ஆம்ப்ஷயர் வட்டத்தில் ஒரு போதகரின் மகளாகிய ஆன் ஸ்டீல், 1760-இல் தியோடோசியா என்ற புனைபெயரில் தம் பாடல்களை வெளியிட்டார். கீச்சின் சபை வழியில் வந்த ஜான் ரிப்பன் 1787-இல் வெளியிட்ட பாட்டுத் தொகுதி நாடெங்கும் பரவியது. அதே வழியில் வந்த ஸ்பர்ஜன் காலத்தில், 1861-இல் திறந்த பேராலயத்தில், ஆயிரக்கணக்கானோர் ஆர்கன் இன்றியே பாடினர். சுருதி எடுத்துக்கொடுக்க ஒருவர் முன்னே நிற்பார். இசைக்கருவியாக அமைந்தது சபையின் குரலே.

நண்பர்களே, முன்னே நிற்கும் அந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் தொண்டு தம் குரலைக் காட்டுவது அன்று. எழுத்தறியாதவரும் பாட, ஒருவர் வரியை வாசித்துக்கொடுக்க மற்றவர் பின்பாடும் வழக்கமும் அக்காலத்து இங்கிலாந்தில் இருந்தது. பிறர் குரலை வெளிக்கொணர்ந்து, பின் தம் குரலை அதில் கரைத்துக்கொள்வதே அவ்வூழியம். அதற்கு இசையறிவு வேண்டும். அதனினும் மிகுதியாகப் பொறுமை வேண்டும். மரச்சட்டத்தில் பூட்டப்பட்டு வற்புறுத்தலின் கொடுமையைத் தம் கழுத்தில் உணர்ந்தவர், பாட மறுத்தவருக்குக் கதவைத் திறந்து வைத்தார். நாளை நீங்கள் வகுப்பிலோ சங்கத்திலோ முன்னே நிற்க நேர்ந்தால், அந்தத் திறந்த கதவை நினைவிற்கொள்ளுங்கள்.