மரமில்லாத காடு

எடின்பரோவில் ஆன்சைட் வேலையாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நேஷனல் கேலரிக்குப் போனேன். அங்கே எட்வின் லாண்ட்சீர் 1851 வாக்கில் வரைந்த ‘தி மோனார்க் ஆஃப் தி க்ளென்’ இருக்கிறது. கிளைவிட்ட கொம்போடு நிமிர்ந்து நிற்கும் ஆண் செம்மான், பின்னால் மலை, பனிமூட்டம். ஒரு மனிதன்கூட இல்லை. ‘செம அழகு’ என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். அந்த மலையில் ஏன் யாருமில்லை என்ற கேள்வி அப்போது வரலை.

செப்டம்பர் கடைசியில் செம்மான்களுக்கு இணைசேரும் பருவம் தொடங்கும். கலைகள் பிணைகளைச் சேர்த்து வளைத்துக்கொண்டு, மாடு முக்காரம் போடுவதுபோல இரவும் பகலும் உறுமும். சரியாக மேயாது, உடம்பு இளைத்துப்போகும். வேட்டைக்காரனுக்கு இது வசதி. உறுமல் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மானின் கவனமெல்லாம் எதிராளிமேல் இருக்கும். காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, ஈரப்புல்லில் வயிற்றால் ஊர்ந்து போய்ச் சுடுவார்கள். செத்த மானை மட்டக்குதிரை சுமந்து இறங்கும்.

விக்டோரியா ராணியின் குடும்பம் 1852-இல் பால்மோரலை வாங்கியபின் பணக்காரர்களுக்கு இது பெரிய மோகமானது. மலைமலையாக வேட்டை நிலங்கள் உருவாயின. அவற்றுக்குப் பெயர் ‘டீர் ஃபாரஸ்ட்’, மான் காடு. பெரும்பாலானவற்றில் மரமே கிடையாது. தப்பான பேர் வைத்த வேரியபிள் மாதிரி, படிக்கிறவனை இந்தச் சொல் ஏமாற்றிவிடும். அது காடல்ல, பல இடங்களில் ஆட்களைக் கிளப்பிவிட்ட ஊர்.

லூயிஸ் தீவின் பார்க் பகுதி அப்படித்தான். முதலில் குடியானவர்களை வெளியேற்றி ஆட்டுப்பண்ணை ஆக்கினார்கள். 1886-இல் அது மான் வேட்டைக்காகக் குத்தகைக்குப் போனது. அதே ஆண்டு வந்த குடியானவர் சட்டம், நிலம் வைத்திருந்தவர்களை வெளியேற்ற முடியாதபடி பாதுகாத்தது. நிலமே இல்லாதவர்களுக்கு ஒன்றும் தரவில்லை. 1887 நவம்பரில் அவர்கள் துப்பாக்கிகளோடு பார்க்குக்குள் நுழைந்தார்கள். மான்களைச் சுட்டு, தீ மூட்டி வாட்டித் தின்றார்கள். ஒளிந்து மறைந்து இல்லை, ஊரறியச் செய்தார்கள். அரசு ராணுவத்தை அனுப்பியது. ஆறு பேர் எடின்பரோவில் விசாரிக்கப்பட்டார்கள். 1888 ஜனவரியில் ஜூரி அவர்களை விடுவித்தது. நிலம் மட்டும் கிடைக்கலை.

அதே மான்தான். உல்லாசத்துக்குச் சுட்டவனுக்குக் கொம்பு சுவரில் தொங்கியது. பசித்துச் சுட்டவன் கூண்டில் நின்றான்.

நெடுங்காலம் கலைகளைச் சுட அக்டோபர் 20-தான் கடைசி நாள். மான்கள் பெருகி மரக்கன்றுகளைத் தளிரிலேயே தின்றுவிடுவதால், 2023-இல் ஸ்காட்லாந்து அந்தத் தடைக்காலத்தையே எடுத்துவிட்டது. இப்போது எந்த மாதமும் சுடலாம். ஆனால் சுடும் உரிமை இன்றைக்கும் நிலத்தோடுதான் ஒட்டியிருக்கிறது. நிலமில்லாதவன் 1887-இல் நின்ற இடத்தில்தான் நிற்கிறான்.

போனில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. இப்போது பார்த்தால் மானுக்குப் பின்னால் தெரியும் வெறும் மலையில்தான் கண் போய் நிற்கிறது.