சிறுவர் தொலை உளநலச் சேவை

சிறுவர் தொலை உளநலச் சேவை என்பது சிறுவரும் இளையோரும் வீட்டில் இருந்தவாறே தொலைபேசி அல்லது நிகழ்பட அழைப்பு வழியாக உளமருத்துவரிடமோ உளவியலாளரிடமோ பெறும் சேவை ஆகும். இது தொலைமருத்துவத்தின் ஒரு பிரிவு.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா உளமருத்துவ நிறுவனம் 1959 இல் இருவழித் தொலைக்காட்சியை உளமருத்துவத்தில் பயன்படுத்தியது. 1964 இல் ஏறத்தாழ 180 கி.மீ. தொலைவிலிருந்த நோர்போக் அரசு மருத்துவமனை அதனுடன் இணைக்கப்பட்டது. இணையம் பரவிய பின்னரே வீட்டிலிருந்து சேவை பெறுவது எளிதாயிற்று. 2020 இல் கொவிட்-19 பெருந்தொற்றால் இம்முறை விரைந்து பரவியது.

இந்தியாவில்

இந்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை மார்ச் 2020 இல் வெளியிட்டது. அக்டோபர் 10, 2022 அன்று டெலி மானஸ் திட்டம் தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் எல்லா வயதினருக்கும் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கட்டணமின்றி ஆலோசனை வழங்கப்படுகின்றது.

செயல்முறை

பொதுவாகப் பெற்றோரிடம் விவரம் கேட்டபின், வயதுக்கேற்பச் சிறுவருடன் தனியே உரையாடுவர். சிறு குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களுக்குப் பெற்றோருக்கே பயிற்சி அளிக்கப்படும். பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு அறிதிறன் நடத்தைச் சிகிச்சை பயன்படுகின்றது.

சிக்கல்கள்

இந்திய நெறிகளின்படி, வயது நிரம்பாத சிறார், அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பெரியவர் ஒருவருடன் இணைந்தே தொலைவழி மருத்துவ ஆலோசனை பெறலாம். இது பாதுகாப்புக்கு உதவும். ஆயினும், துன்பத்தின் காரணம் வீட்டிலேயே இருந்தால் சிறுவர் மனந்திறந்து பேசுவது கடினம். சுவருக்கு அப்பால் கேட்கும் என்ற அச்சமும் உண்டு. எனவே தலையணிபேசி, "ஆம்", "இல்லை" என விடையளிக்கத்தக்க வினாக்கள் போன்றவை கையாளப்படுகின்றன. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் நேரடி உதவி அனுப்பவேண்டும். இதனால் ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் சிறுவர் இருக்கும் இடத்தைக் கேட்டறிவது இன்றியமையாதது.