பெருகியவை அதிர்வுகளா, செவிகளா?

ஆண்டுதோறும் மணிமேகலையில் புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியைப் பாடம் சொல்லும்போது, வகுப்பின் ஏதேனும் ஒரு மூலையிலிருந்து ஒரு வினா தவறாமல் எழும். "முன்னெல்லாம் இவ்வளவு நிலநடுக்கம் இருந்ததா ஐயா? இப்போது நாள்தோறும் எங்கோ நிலம் நடுங்குகிறது, எங்கோ எரிமலை வெடிக்கிறது என்று செய்தி வருகிறதே?" வினவும் குரலில் ஆர்வத்தைவிட அச்சமே மிகுந்திருக்கும். பூமிக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்னும் எண்ணம் இன்று பலர் நெஞ்சிலும் வேரூன்றியிருக்கிறது. நாம் புவியியல் அறிஞர் அல்லோம், தமிழ் கற்பிப்பவர். எனினும் இவ்வினாவுக்கான விடையில் பாதி வரலாற்றில் இருக்கக் கண்டோம். கண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

1815ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள். சாவகத் தீவு அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. துணைநிலை ஆளுநர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ். அன்று பீரங்கி முழங்குவது போன்ற ஓசை தீவின் பல பகுதிகளிலும் கேட்டது. அண்மையிலுள்ள காவல் அரண் தாக்கப்படுகிறது என்றெண்ணி யோக்யகர்த்தாவிலிருந்து ஒரு படைப்பிரிவு புறப்பட்டது. ஏதோ ஒரு கப்பல் இடரில் சிக்கிக் குண்டு முழக்கி உதவி கேட்கிறது எனக் கருதிக் கடற்கரையோரம் படகுகளை அனுப்பினர். ஓசை எழுந்த இடமோ கிழக்கே நெடுந்தொலைவிலிருந்த சும்பாவா தீவின் தம்போரா மலை. ஏப்ரல் 10ஆம் நாள் அம்மலை முழு வேகத்துடன் வெடித்தது. எழுத்துச் சான்று உள்ள காலத்தில் நிகழ்ந்த வெடிப்புகளுள் இதுவே மிகப் பெரியது என்பர். 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்ததாகக் கணிக்கப்படும் மலை, முடி இழந்து இன்று ஏறத்தாழ 2,850 மீட்டராக நிற்கிறது. வெடிப்பாலும், பின்வந்த பஞ்சத்தாலும் நோயாலும் மாண்டவர் 60,000 பேருக்குக் குறையார்.

மொழி கற்பிப்பவர் என்ற முறையில் நம்மை உறங்கவிடாத செய்தி ஒன்று இதில் உண்டு. அம்மலையின் அடிவாரத்தில் தம்போரா என்னும் சிற்றரசு இருந்தது. அம்மக்களுக்குத் தனி மொழி இருந்தது. அது சுற்றியிருந்த தீவு மொழிகளின் குடும்பத்தைச் சேராதது என்று இன்றைய மொழியியலார் சிலர் கருதுகின்றனர். வெடிப்புக்குமுன் யாரோ எழுதி வைத்த 50 சொற்கள்கூடத் தேறாத ஒரு பட்டியல், 1817இல் ராஃபிள்ஸ் வெளியிட்ட சாவக வரலாற்று நூலில் இடம்பெற்றது. எண்ணுப் பெயர்கள், உடலுறுப்புகளின் பெயர்கள், ஞாயிறு, திங்கள் முதலியன அதில் உள்ளன. ஒரு மக்கள் கூட்டத்தின் பேச்சில் நமக்கு எஞ்சியது அவ்வளவே. தாலாட்டும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. அங்குப் புதையுண்டிருந்த ஒரு வீட்டை ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, கரியாகிப்போன அவ்வீட்டினுள் மனித எலும்புகளும் வெண்கலக் கலங்களும் கிடைத்தன.

இத்துணைப் பெரிய நிகழ்வை உலகம் எவ்வாறு அறிந்தது? அறியவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். செய்தி பாய்மரக் கப்பலேறி, மாதங்கள் கழித்தே இலண்டன் சேர்ந்தது. அடுத்த ஆண்டான 1816இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கோடை வரவில்லை. ஜூன் மாதத்தில் பனி பெய்தது, பயிர் கருகியது, பசி பரவியது. மழை விடாத அக்கோடையில் ஜெனீவா ஏரிக்கரை இல்லமொன்றில் அடைந்து கிடந்தபோதுதான் மேரி ஷெல்லி தம் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையைத் தொடங்கினார். வானத்தை மறைத்தது தம்போராவின் புகைமூட்டம் என்பது அவருக்குத் தெரியாது. அக்காலத்தில் எவருக்குமே தெரியாது. அவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க அறிவியலுக்கு ஏறத்தாழ 100 ஆண்டுகள் தேவைப்பட்டன.

68 ஆண்டுகள் கழிந்தன. 1883 ஆகஸ்ட் 27ஆம் நாள், சாவகத்துக்கும் சுமத்திராவுக்கும் இடைப்பட்ட நீரிணையில் கிரக்கத்தோவா வெடித்தது. அது வெளியே தள்ளிய பொருளின் அளவு தம்போராவினதைவிடப் பன்மடங்கு குறைவு. ஆயினும் இன்று கிரக்கத்தோவாவை அறிந்தவர் பலர். தம்போராவை அறிந்தவர் சிலர். காரணம், இடைப்பட்ட காலத்தில் கடலடியில் தந்திக் கம்பி ஓடிவிட்டது. சாவகத்தின் செய்தி மாதங்களில் அன்றி மணிக்கணக்கில் இலண்டனை எட்டியது. வெடிப்பின் ஓசை 4,800 கிலோமீட்டர் அப்பாலுள்ள ரொட்ரிகஸ் தீவில் கேட்டது. காற்றழுத்த அலை உலகைப் பலமுறை சுற்றி வந்ததை நகரங்கள்தோறும் இருந்த காற்றழுத்தமானிகள் குறித்தன. மாண்டவர் 36,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் கடலலைக்கு இரையானவர். 1888இல் இலண்டன் ராயல் கழகம் இவற்றையெல்லாம் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டது.

பின்னும் 139 ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரி 15ஆம் நாள், பசிபிக் கடலில் டோங்கா நாட்டின் ஹுங்கா எரிமலை வெடித்தது. புகைக்குடை விரிவதைச் செயற்கைக்கோள்கள் வானிலிருந்து படம் பிடித்தன; அன்றே உலகம் கைப்பேசியில் கண்டது. அந்நாட்டை உலகோடு இணைத்த கடலடிக் கம்பியோ அவ்வெடிப்பிலேயே அறுந்தது. சீர்செய்ய ஐந்து வாரங்கள் ஆயின. உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த நாள்களில் டோங்கா மக்கள் அயல்நாட்டிலிருந்த தம் உறவினருக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்று ஒரு சொல் சொல்ல இயலாமல் தவித்தனர்.

இனி நிலநடுக்கத்துக்கு வருவோம். நெடுந்தொலைவில் நிகழும் நிலநடுக்கத்தை இருந்த இடத்திலிருந்தே அறியலாம் என்பது 1889இல் தற்செயலாகத் தெரியவந்தது. ஜெர்மனியில் ரெபோயர்-பாஷ்விட்ஸ் என்னும் அறிஞர் நிறுவியிருந்த நுண்ணிய ஊசல்கள் ஏப்ரல் 17ஆம் நாள் விந்தையாக அசைந்தன. அதே வேளையில் ஜப்பானில் நிலம் நடுங்கியிருந்தது பின்னர் தெரிந்தது. ஜப்பானில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஜான் மில்ன் உருவாக்கிய நிலநடுக்கமானிகள் அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் நிறுவப்பட்டன. 1897ஆம் ஆண்டு அசாம் பெருநடுக்கத்துக்குப் பின் இந்தியாவுக்கும் அவை வந்தன; நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் 1899இல் ஒன்று அமைந்தது. 1931இல் உலகில் ஏறத்தாழ 350 பதிவு நிலையங்கள் இருந்தன. 1960களில் வல்லரசுகள் ஒன்றையொன்று வேவு பார்த்துவந்தன. நிலத்தடி அணுகுண்டுச் சோதனையைக் கண்டுபிடிக்க ஒரே தரத்துக் கருவிகள் நாடுதோறும் நாட்டப்பட்டன. பின்னர் நிலையங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. அமெரிக்க நிலநடுக்கத் தகவல் மையம் இன்று ஆண்டுக்குச் சுமார் 20,000 அதிர்வுகளை இடம் குறித்துச் சொல்கிறது, நாளொன்றுக்கு 55. அவற்றுள் பல, நம் பாட்டன் காலத்திலும் நிகழ்ந்தவை போன்றவையே. கேட்க ஆளில்லாமல் அடங்கியவை.

அப்படியாயின் எதை வைத்து ஒப்பிடுவது? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தவறாமல் பதிவான பெருநடுக்கங்களை வைத்துத்தான். ரிக்டர் என நாம் வழக்கில் சொல்லும் அளவையில் 7ஐத் தொடுவனவும் கடப்பனவும் ஆண்டுக்குச் சராசரியாக 16 நிகழ்கின்றன. ஓராண்டில் கூடும், மற்றோராண்டில் குறையும். 1989இல் 7 அளவுக்கு மேற்பட்டவை மிகச் சிலவே. 2010இல் 20க்கும் மிகுதி. 2004 முதல் சில ஆண்டுகள் மாபெரும் நடுக்கங்கள் அடுத்தடுத்து வந்தபோது அறிஞர்களுக்கே ஐயம் எழுந்தது. கணக்கிட்டுப் பார்த்து 2011, 2012ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள், அது தாயம் உருட்டும்போது ஒரே எண் தொடர்ந்து விழுவது போன்ற தற்செயலுக்கு உட்பட்டதே என்று முடிவுரைத்தன.

எரிமலைகளின் கதையும் இதுவே. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தொகுத்த பட்டியலில், நூற்றாண்டுகள் செல்லச் செல்ல வெடிப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வருகிறது. ஆனால் இரண்டு உலகப் போர்க்காலங்களிலும் அது சட்டென இறங்குகிறது. மனிதர் போரிட்டபோது மலைகள் அமைதி காத்தனவா? இல்லை, எழுதி வைக்க வேண்டியவர்கள் வேறு வேலையாக இருந்தார்கள்.

மனிதரால் அதிர்வு மிகுந்த இடங்களும் உண்டு என்பதை மறைத்தல் கூடாது. மராட்டிய மாநிலத்துக் கொய்னா அணையில் நீர் தேக்கிய பின் நில அதிர்வுகள் தொடங்கி, 1967 டிசம்பரில் உயிர்களைப் பலி கொண்டது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகளின் கழிவுநீரை நிலத்துள் செலுத்தியதால் 2009க்குப் பின் நடுக்கங்கள் பெருகின; செலுத்துவதைக் குறைத்தபின் தணிந்தன. இவை அவ்வவ்விடத்துக் கதைகள். பூமியின் கதை அன்று.

உண்மையில் எங்கும் பெருகியிருப்பது, அதிரும் நிலத்தின்மீது வாழ்வோர் தொகை. தம்போரா வெடித்தபோது உலக மக்கள் ஏறத்தாழ 100 கோடி. இன்று 800 கோடிக்கு மேல். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் 7.0 அளவு நடுக்கம் இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த மாதமே சிலி நாட்டில் 8.8 அளவு நடுக்கம். பல நூறு மடங்கு ஆற்றல். மாண்டவர் ஐந்நூற்றுச் சொச்சம். சிலி, 1960ஆம் ஆண்டுப் பெருநடுக்கத்தை மறவாமல் கட்டட விதிகளை எழுதி, அவற்றைக் கடைப்பிடித்த நாடு.

மறவாமை என்றதும் நாம் சொல்லவந்த கடைசிச் செய்திக்கு வருகிறோம். சுமத்திராவை ஒட்டிய சிமெலுவே தீவில் 1907இல் நிலம் நடுங்கிக் கடல் பொங்கி ஊர்களை அழித்தது. அம்மக்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டனர். நிலம் வலுவாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் குன்றேறு என்னும் அறிவுரை அச்சொல்லோடு பாட்டாகவும் கதையாகவும் பேரர்வரை வந்து சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று அவர்களுக்குக் கிடைத்தது சில நிமிடங்களே. 'ஸ்மோங்' என்ற கூக்குரல் கேட்டுக் குன்றேறினர். 78,000 பேர் வாழ்ந்த தீவில் மாண்டவர் 7 பேர்.

தமிழகக் கரைக்கு அலை வந்துசேர 2 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இங்கே ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. அவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில். நாம் அப்போது முதுகலை மாணவர். இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோள்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதி மதிப்பெண் பெற்றிருந்தோம். சொல் நம்மிடம் இருந்தது. ஆயினும் அவ்வலைக்குப் பெயராக 'சுனாமி' என்னும் ஜப்பானியச் சொல்லே நம் நாவில் ஏறியது. 1881 டிசம்பர் 31 அன்று நிக்கோபாரில் எழுந்த நடுக்கத்தால் வந்த சிற்றலையை நாகப்பட்டினத்துக் கடல்மட்டக் கருவி காகிதத்தில் கோடிட்டு வைத்திருந்தது என்பதைப் பின்னரே படித்தோம். கருவி கேட்டது, ஊர் கேட்கவில்லை.

சிமெலுவேயின் வழி நமக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. அன்று காலை நம் கரையில் நடுக்கம் மெலிதாகவே இருந்தது; அதைக் கண்டு ஓடியிருக்க இயலாது. தொலைவிலிருந்து வரும் அலைக்குக் கருவிதான் காவல். 2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனால் மையத்தின் எச்சரிக்கையும் இறுதியில் ஒரு சொல்லாகவே கரைக்கு வரும்; அச்சொல்லுக்குக் கேட்பவர் நெஞ்சில் பொருள் இருக்க வேண்டும்.

ஆகவே இப்போதெல்லாம் வகுப்பில் அவ்வினா எழும்போது, தம்போராவையும் கிரக்கத்தோவாவையும் சொல்லி, பூமி முன்போலத்தான் இருக்கிறது என்று மாணவரின் அச்சத்தைத் தணிக்கிறோம். பின்னர்ச் சிமெலுவேயைச் சொல்கிறோம். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவர் சிலர் எப்போதும் வகுப்பில் உண்டு. கடல்கோள் என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய், அது வந்தால் செய்யவேண்டியதைத் தம்பி தங்கையர்க்குச் சொல்லிவையுங்கள் என்று அவர்களை வேண்டிக்கொள்கிறோம். தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை.