வெளியே தெரியாத விரிசல்

தஞ்சைப் பீரங்கிமேட்டிலும் வங்காளத்துப் பிஷ்ணுபூரிலும் உள்ள பெரும்பீரங்கிகளைப் பற்றி எழுதுவோர் எடையையும் துருப்பிடியாமையையும் வியப்பதோடு நின்றுவிடுகின்றனர். எனக்கு வியப்பளிப்பது மூட்டுதான். இவை அச்சில் வார்த்தவை அல்ல. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, காய்ச்சிய வளையங்களை மேலேற்றி, சம்மட்டியால் அடித்துப் பற்றவைத்தவை. 17ஆம் நூற்றாண்டின் தஞ்சைப் பீரங்கி மட்டுமே ஏறத்தாழ 22 டன்.

பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் காற்றுப் பட்டதும் செதிள் படர்கிறது. இரு பரப்புகளுக்கிடையே அது சிக்கிவிட்டால் வெளியே ஒரே உடலாகத் தோன்றும், உள்ளே ஒட்டியிராது. சூடு குறைந்தாலும் இதே கேடு. மிகுந்தாலோ இரும்பே பொறி பறந்து எரிந்துபோகும். பல நாட்டுக் கொல்லர்களும் இதற்கு மணலைத் தூவினர்: மணல் செதிளோடு உருகிக் கசடாகி, அடிக்கும்போது பிதுங்கி வெளியேறிவிடும். சூட்டை அளக்க நெருப்பின் நிறமன்றி வேறு கருவி இல்லை.

பீரங்கி பிளந்தால் முதலில் மடிபவர் அருகில் நிற்பவரே. 1460இல் ராக்ஸ்பரோ கோட்டை முற்றுகையின்போது, தம் படையின் பீரங்கியே வெடித்துச் சிதறியதில் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் தொடை முறிந்து இறந்தார்.

தஞ்சைப் பீரங்கியின் வெளிப்புறத்தில் அந்த வளையங்களின் வரிகளை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம்.