ஆசிரியர் சரிதம் தேடிய மாணாக்கர்

திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கிய திரிசிரபுரம் மகாவித்துவான் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) சேக்கிழார் பிள்ளைத்தமிழும் தலபுராணங்கள் பலவும் பாடியருளினார்கள். தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தார்களல்லர்.

1871-ஆம் ஆண்டில் அவர்களை அடைந்து இறுதிக்காலம்வரை பாடங்கேட்ட மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் நேரிற் கண்டது ஏறக்குறைய ஐந்தாண்டு வாழ்க்கையே. அதற்கு முற்பட்ட ஏறக்குறைய ஐம்பத்தாறு ஆண்டுச் செய்திகளையும் அறிதல்வேண்டி, ஆசிரியர் அவ்வப்போது தம் வாயாற் கூறியவற்றை நினைவிற்கொண்டும், முன்னை மாணாக்கராகிய தியாகராச செட்டியார் முதலியோரை வினவியும், கடிதங்களையும் தனிப்பாடல்களையும் தேடியும் தொகுத்தார்கள். செட்டியார் 1888-இல் மறைந்தனர். முன்னரே கேளாது விட்டிருப்பின், அவர் நெஞ்சிலிருந்தவை அவரோடே ஒழிந்திருக்கும். இங்ஙனம் திரண்ட சரித்திரம் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இருபாகமாக வெளிவந்தது. அதற்குள் ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

திராவிட மாபாடியம் அருளிய மாதவச் சிவஞான யோகிகள் 1785-இற் சிவபரிபூரணமெய்தினார்கள். அவர்கள் நூல்கள் நம்மிடையே நிலவ, வரலாறோ சில செய்திகளளவிலேயே கிட்டுகின்றது. உடனிருந்தார் எழுதிவைத்த நினைவுகள் கிடைத்திருப்பின் அக்குறை நேர்ந்திராது.

ஆதலின், பெரியோர்பாற் பாடங்கேட்டோர் அவர்தம் நூல்களைப் போற்றுதலோடு அமையாது, வாய்மொழிகளையும் நாளிட்டுக் குறித்துவைத்தல் கடனாம். அதுவும் குருபணியே என்க.